வீட்டிலே விட்டு வந்த பிள்ளை

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மேசையின் மேல் வெற்றிக் கோப்பைகள் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். தமிழ்மொழியில் முதல் நிலை, கணிதத்தில் முதல் நிலை, ஓட்டப் பந்தயம், பேச்சுப் போட்டி, முழு வருகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பை இருக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் உங்கள் பிள்ளைகள் மேடையேறி வந்து வாங்கப் போகிறார்கள். நீங்களும் கைப்பேசியில் படம் பிடிக்கத் தயாராக இருக்கிறீர்கள். மிகவும் மகிழ்ச்சி.

ஆனால் நான் இன்று பேச வந்திருப்பது இந்த மண்டபத்தில் இல்லாத ஒரு பிள்ளையைப் பற்றி. இன்று காலையில் புறப்படும்போது, "பாட்டிகூட இருடா, நாங்க போயிட்டு வந்துடறோம்" என்று சொல்லி வீட்டிலே விட்டு வந்தீர்களே, அந்தப் பிள்ளையைப் பற்றி. எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இல்லை. ஆனால் நாற்பது வீடு உள்ள இடத்தில் ஒரு வீட்டிலாவது இருக்கும் என்பது என் அனுபவம். அந்த வீட்டுத் தாய் இப்போது தலையைக் குனிந்துகொள்வார். அம்மா, தயவுசெய்து தலையைக் குனியாதீர்கள். இன்றைய பேச்சு உங்களுக்காகத்தான்.

என் தவறு

மற்றவர்களுக்குப் புத்தி சொல்வதற்கு முன் என் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். அதுதான் முறை.

நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியனாகச் சேர்ந்த புதிது. மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பால்மரம் சீவும் குடும்பம். கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டான். பாடம் சொல்லச் சொன்னால் பக்கத்துப் பையன் வாயைப் பார்ப்பான். சொல்வதெழுதுதல் வைத்தால் பத்துக்கு ஒன்று, இரண்டு. நான் அவனை மண்டு என்றேன். திமிர் பிடித்தவன் என்றேன். பிரம்பால் அடித்தும் இருக்கிறேன். அவன் தகப்பனாரிடம் சொன்னபோது, "நல்லா போடுங்க சார், கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு" என்றார். அந்தக் காலத்தில் எல்லாத் தகப்பனாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அவன் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள் செம்மண் சாலையில் எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தான். பின்னால் லோரி வந்தது. ஹாரன் அடித்தது. நான் ஒதுங்கிவிட்டேன். அவன் ஒதுங்கவில்லை. மறுபடியும் நீளமாக அடித்தார்கள். அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பி என்னைப் பார்த்துப் பயந்து, அடிக்க வருகிறேன் என்று நினைத்துக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அடுத்த வாரம் அவன் தாயாரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயதிலிருந்தே காதில் சீழ் வடிந்துகொண்டிருந்ததாம். தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு காதிலும் கேட்கும் சக்தி பாதிக்குமேல் போயிருந்தது. குறை அவன் காதில் இருந்தது, ஐயா. ஆனால் குற்றம் என் கண்ணில் இருந்தது. இரண்டு வருடம் அவனை என் முன்னால் வைத்துக்கொண்டு நான் பார்க்கவில்லை. முன் வாங்கில் உட்கார வைத்து, என் வாய் தெரிகிற மாதிரி நின்று பேசியிருந்தாலே அவன் எவ்வளவோ படித்திருப்பான். அந்த இரண்டு வருடத்தை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

அதனால்தான் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் நான் இந்த ஒரு விஷயத்தைப் பேசுகிறேன்.

பாவமும் இல்லை, சாபமும் இல்லை

பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு பள்ளியில் ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். இடுப்பில் ஆறு வயதுப் பெண் குழந்தை. சாய்ந்த சிறிய கண்கள், தட்டையான மூக்கு, சிரித்த முகம். டவுன் சிண்ட்ரோம் குழந்தை. அந்த அம்மாள் சொன்னார்: "போன ஜென்மத்துல நான் என்ன பாவம் செஞ்சேனோ தெரியல சார். பத்துமலைக்குப் பால் குடம் எடுத்துட்டேன். இன்னும் சரியாகல."

வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை. நானும் பால் குடம் எடுக்கிறவன்தான். ஆனால் அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நம் உடம்பின் அணுக்களில் குரோமோசோம் என்ற நூலிழைகள் 46 இருக்கின்றன. சோடி சோடியாக 23 சோடி. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு 21ஆம் சோடியில் ஓர் இழை கூடுதலாக, மூன்றாக இருக்கிறது. கரு உருவாகும் நேரத்திலேயே நடந்து முடிந்துவிடுகிற காரியம் அது. தாய் சாப்பிட்டதாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, யாரோ கண் வைத்ததாலோ வந்தது அல்ல. ஊசி போட்டு எடுக்கக்கூடியதும் அல்ல. ஆனால் அந்தக் குழந்தை நடக்கும், பேசும், கற்றுக்கொள்ளும். கொஞ்சம் மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்ளும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

அதுபோலவே ஆட்டிசம் உள்ள பிள்ளை. கூப்பிட்டால் கண்ணைப் பார்க்காது. ஒரே விளையாட்டுச் சாமானை மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருக்கும். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும். அது அடங்காத பிள்ளை அல்ல. உலகம் அதற்கு வேறு விதமாகக் கேட்கிறது, வேறு விதமாகத் தெரிகிறது.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையைக் கண்டுபிடிப்பதுதான் இன்னும் கஷ்டம். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வாய் கிழியப் பேசுவான். சைக்கிளைப் பிரித்து மாட்டுவான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கும் ஓசைக்கும் முடிச்சுப் போட முடியாமல் தவிப்பான். நேற்று படித்த சொல் இன்று புதிதாகத் தெரியும். அவனைச் சோம்பேறி என்கிறோம். அறிவுக் குறைவால் வருவதல்ல அது. அவனுக்கு வேறு முறையில் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கதவு எப்படித் திறந்தது

"சார், நம்ம பிள்ளைங்கள எந்த ஸ்கூல்ல சேர்ப்பாங்க?" என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

நம் நாட்டில் இந்தப் பணியை முதலில் தொடங்கியது அறநிலையங்கள்தான். கண் தெரியாத பிள்ளைகளுக்காக 1926இல் மலாக்காவில் செயின்ட் நிக்கலஸ் இல்லம் தொடங்கியது. காது கேளாத பிள்ளைகளுக்காக 1954இல் பினாங்கில் ஒரு பள்ளி எழுந்தது. 1979இல் வெளியான அமைச்சரவைக் கல்விக் குழுவின் அறிக்கை, உடற்குறையுள்ள பிள்ளைகளின் கல்விக்கு அரசாங்கமே முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்று சொன்னது. தர்மமாக இருந்தது கடமையாக மாறத் தொடங்கியது அங்கேதான்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்வியைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. ஆனால் 1997இல் வந்த விதிமுறைகளில் ஒரு முடிச்சு இருந்தது. "கற்பிக்கத்தக்க" பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம் என்றார்கள். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாத பிள்ளைக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட குறைகள் உள்ள பிள்ளைக்கும் கதவு மூடியே இருந்தது. எத்தனையோ தாய்மார்கள் பள்ளி வாசல் வரை வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று சட்டம் வந்தது. 2008இல் மாற்றுத் திறனாளிகள் சட்டம் வந்தது. சட்ட எண் 685. அதன் 28ஆம் பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். உடற்குறையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பாலர் பள்ளியிலிருந்தோ, தொடக்கப் பள்ளியிலிருந்தோ, இடைநிலைப் பள்ளியிலிருந்தோ, உயர்கல்வியிலிருந்தோ ஒதுக்கி வைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. கட்டட வசதி, கருவிகள், பாடப் பொருள், கற்பிக்கும் முறை ஆகியவற்றைப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2010இல் மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை மலேசியா ஏற்றுக்கொண்டது. 2013இல் சிறப்புக் கல்விக்குப் புதிய விதிமுறைகள் வந்து பழைய 1997 விதிகளை அகற்றின. 2019இல் "எந்தப் பிள்ளையையும் மறுக்காதே" என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மலாய் மொழியிலும் அதை "ஸீரோ ரிஜெக்ட்" என்றே சொல்கிறார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது, அதை மீறுவோருக்கு என்ன தண்டனை என்று அதில் எழுதவில்லை. அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடுவதற்கும் அதில் தடுப்பு இருந்தது. ஆகவே சட்டம் இருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. கேட்டால்தான் கிடைக்கும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இங்கே பிள்ளைக்கு அழத் தெரியாது. பெற்றோர்தான் கேட்க வேண்டும்.

பிஸ்கட் டின்னை எடுத்து வையுங்கள்

நம் தோட்டத்து வீடுகளில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம், சம்பளச் சீட்டு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அதை எடுத்து மேசைமேல் வையுங்கள். இனிமேல் நான் சொல்லும் ஒவ்வொரு காகிதமும் அதற்குள் போக வேண்டும்.

முதல் வேலை, பார்ப்பது. கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, பேச வேண்டிய வயதில் பேசாத குழந்தை, நடக்க வேண்டிய வயதில் நடக்காத குழந்தை, புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்க்கும் குழந்தை, இவர்களைப் பார்த்தால் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குக் கொண்டுபோங்கள். தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். தேவையென்றால் அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தின் நகல் டின்னுக்குள் போகட்டும்.

இரண்டாவது, சமூக நல இலாகாவில் பதிவு. ஓகேயு கார்டு என்று சொல்வார்களே, அதுதான். செவிக் குறை, பார்வைக் குறை, பேச்சுக் குறை, உடற்குறை, கற்றல் குறை, மனநலக் குறை, பல்வகைக் குறை என்று 7 பிரிவுகள் இருக்கின்றன. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், டிஸ்லெக்சியா இவையெல்லாம் கற்றல் குறைப் பிரிவில் வரும். பாரத்தை டாக்டர் பூர்த்தி செய்து கையெழுத்திட வேண்டும். பதிவுக்குக் காசு கிடையாது. காசு கேட்கும் புரோக்கர் எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இங்கேதான் பல பெற்றோர்கள் பின்வாங்குகிறார்கள். ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னார்: "மூத்தவளுக்கு வரன் பார்க்கறோம் சார். இப்போ போயி கார்டு எடுத்தா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்." நான் கேட்டேன்: "ஐயா, மூத்தவள் கல்யாணம் ஒருநாள் கூத்து. இளையவன் இன்னும் ஐம்பது வருஷம் வாழணும். நீங்களும் அம்மாவும் போன பிறகு அவனை யார் பார்ப்பா? அவன் இருப்பதை மறைத்துக் கொடுத்த பெண்ணா வந்து பார்ப்பாள்?" அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு போய்ப் பதிந்தார். அந்த கார்டு பிள்ளையின் நெற்றியில் குத்துகிற முத்திரை அல்ல. பதிவதும் பதியாததும் உங்கள் விருப்பம். ஆனால் பதியாத பிள்ளை அரசாங்கத்தின் கணக்கில் இல்லாத பிள்ளை. கணக்கில் இல்லாதவருக்கு உதவியும் இல்லை.

மூன்றாவது, பள்ளி. சிறப்புக் கல்வியில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் உள்ளவை போன்ற தனிச் சிறப்புப் பள்ளிகள். இரண்டு, சாதாரணப் பள்ளிக்குள்ளேயே சிறப்புக் கல்விக்கென்று நடக்கும் வகுப்புகள். பிபிகேஐ என்று சொல்வார்கள். சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், மாணவரைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர்களும் அங்கே இருப்பார்கள். மூன்று, மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் உள்ளடங்கிய கல்வி. முழுநேரமாகவும் இருக்கலாம், சில பாடங்களுக்கு மட்டுமாகவும் இருக்கலாம். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். மருத்துவ அறிக்கையைக் கையோடு கொண்டு போங்கள்.

சேர்த்தவுடன் ஒரு பரீட்சார்த்தக் காலம் வைக்கலாம். 2013 விதிமுறைப்படி அது 3 மாதத்திற்கு மேல் போகக் கூடாது. இந்த வகுப்புப் பொருந்துமா, வேறு வழி பார்க்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் காலம். விரட்டி விடுவதற்கு அல்ல. முதல் வாரம் பிள்ளை அழும். வகுப்பை விட்டு ஓடும். இரண்டு நாளில் மனம் உடைந்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள்.

நான்காவது, தனியாள் கல்வித் திட்டம். ஆர்பிஐ என்பார்கள். சிறப்புக் கல்வி வகுப்பில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பத்துப் பேருக்கும் ஒரே பாடம் இல்லை. இந்த ஆறு மாதத்தில் இவன் தானே சட்டைப் பொத்தான் போடப் பழக வேண்டும், இவள் நூறு வரை எண்ணப் பழக வேண்டும் என்று பிள்ளைக்குப் பிள்ளை எழுதி வைப்பார்கள். அதைப் போடும்போது பெற்றோரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். கூப்பிடாவிட்டால் "எப்போ சார் மீட்டிங்?" என்று நீங்களே கேளுங்கள். "எனக்கு ரெண்டெழுத்துகூடப் படிக்கத் தெரியாது, நான் போயி என்ன சொல்றது?" என்று நினைக்காதீர்கள். அந்தப் பிள்ளை எதற்குப் பயப்படும், எதைக் கொடுத்தால் சாப்பிடும், எந்தப் பாட்டைப் போட்டால் அடங்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? பட்டம் பெற்ற ஆசிரியருக்கும் அதை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்ட திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் டின்னுக்குள் போக வேண்டும்.

சிறப்புக் கல்வி மாணவருக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 வெள்ளி என்ற கணக்கில் உதவித் தொகை கொடுத்து வந்திருக்கிறது. அதைப் பற்றியும் பள்ளியில் விசாரியுங்கள். பொதுத் தேர்வு எழுதும் காலம் வந்தால், கூடுதல் நேரம், பிரெய்ல் வினாத்தாள், பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாள் முதலிய சலுகைகள் உண்டு. அவற்றுக்கு முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும். தேர்வு நாளன்று போய்க் கேட்டால் கிடைக்காது.

பள்ளிக்கூடமே முடியாத அளவுக்குக் கடுமையான குறை உள்ள பிள்ளைக்கும் இடம் உண்டு. சமூக நல இலாகாவின் பிடிகே என்ற சமூக மறுவாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. 1984இல் திரங்கானுவில் பத்து ராக்கிட் என்ற இடத்தில் ஆரம்பித்து, இன்று நாடு முழுவதும் நடக்கின்றன. பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று சமூக நல இலாகாவிலேயே சொல்வார்கள்.

எங்கேயாவது "இடமில்லை" என்று சொன்னால் கோபப்பட்டுச் சத்தம் போட வேண்டாம். அழுதுகொண்டு திரும்பவும் வேண்டாம். "சரிங்க, அதை எழுத்துல கொடுத்துடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஆயிரம் வார்த்தையின் பலம் உண்டு. பிறகு மாவட்டக் கல்வி அலுவலகம், அதற்கு மேல் மாநிலக் கல்வி இலாகா என்று படிப்படியாக எழுத்தில் கொண்டு போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது நம் ஆசிரியர்களின் கடமை. நானும் இருக்கிறேன், வீட்டுக்கு வாருங்கள்.

நம் பள்ளி செய்ய வேண்டியது

இப்போது பள்ளியின் பக்கம் வருகிறேன். சில தமிழ்ப்பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகள் நடக்கின்றன. பல பள்ளிகளில் இல்லை. இல்லாத இடத்தில் நம் பிள்ளை தொலைவில் உள்ள வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது. வீட்டிலே தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, பேச்சே சிரமப்பட்டு வருகிற பிள்ளை, அங்கே வேறு மொழியில் தொடங்க வேண்டும். அங்குள்ள ஆசிரியர்கள் அன்பானவர்கள்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மா பேசும் மொழியிலேயே முதல் எழுத்தைக் கற்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளுக்கு உண்டு என்றால் இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை?

"நம்ம பள்ளியிலும் வகுப்புத் திறங்க" என்று கேட்கலாம். கேட்டால் அதிகாரிகள் முதலில் என்ன கேட்பார்கள்? எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். அங்கேதான் நாம் மாட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு வீடும் ஒரு பிள்ளையை மறைத்து வைத்திருந்தால் கணக்கு பூஜ்யமாகத்தான் வரும். நான் மறைக்கும் பிள்ளையால் பக்கத்து லயத்துப் பிள்ளைக்கும் வகுப்பு இல்லாமல் போகிறது. இதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் மூன்று தாய்மார்களையும் ஓர் ஆசிரியரையும் சேர்த்து ஒரு சிறு குழு போடுங்கள். தோட்டத்திலும் தாமானிலும் வீடு வீடாகப் போகட்டும். வசூலுக்கு அல்ல. "எங்க பள்ளியில் உங்க பிள்ளைக்கும் இடம் கேக்கப் போறோம்" என்று சொல்லட்டும். சம்மதிக்கும் பெற்றோரின் விவரத்தை மட்டும் எழுதி, தலைமையாசிரியர் மூலம் மாவட்டக் கல்வி அலுவலகத்திற்குக் கொடுங்கள்.

இன்னொன்று. இந்த மண்டபத்திற்கு ஏறி வரும்போது மூன்று படிகள் இருந்தன. எனக்கே முட்டி வலித்தது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை எப்படி ஏறும்? ஒரு சனிக்கிழமை கூட்டுப்பணி போட்டால், நாலு மூட்டை சிமெண்டில் ஒரு சாய்தளம் கட்டிவிடலாம். கட்டத் தெரிந்த கைகள் இந்த மண்டபத்திலேயே எத்தனையோ இருக்கின்றன.

தோட்டத்தில் வேலை செய்யும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தால் அரைநாள் பேர் போய்விடும் என்று தள்ளிப் போடாதீர்கள். டாக்டர் கொடுத்த சீட்டை முன்கூட்டியே மண்டோரிடம் காட்டி விடுப்புக் கேளுங்கள். இந்த வேலையைத் தாய் தலையில் மட்டும் கட்டாதீர்கள். பிள்ளை இருவருக்கும் பிறந்ததுதானே?

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களிடம் வருகிறேன். உங்கள் வகுப்பில் ஒருவன் திக்கிப் பேசுவான், ஒருத்தி காலை இழுத்து நடப்பாள், இன்னொருவன் ஒரு வரி படிக்க ஐந்து நிமிடம் எடுப்பான். அவர்களை நொண்டி, செவிடு, லூசு என்று கூப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்பீர்கள். நான் சொன்ன மண்டு என்ற வார்த்தையும் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. அந்தப் பையனுக்குக் காது கேட்காது. ஆனால் அந்த வார்த்தை மட்டும் என் உதட்டைப் பார்த்தே அவனுக்குப் புரிந்திருக்கிறது. பெரியவனான பிறகு அவனே என்னிடம் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இன்று அவன் பட்டணத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். காதுக் கருவி மாட்டியிருக்கிறான். தன் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குத்தான் அனுப்புகிறான்.

பெரியோர்களே, அடுத்த ஆண்டும் இதே மண்டபத்தில் பரிசளிப்பு விழா நடக்கும். தலைமையாசிரியர் அவர்கள் என்னைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் நான் வருவேன். பின் வரிசையில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் பார்ப்பேன். பாட்டியோடு விட்டு வந்த அந்தப் பிள்ளை இந்த முறை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். நடுவில் எழுந்து ஓடினாலும் பரவாயில்லை. பேச்சாளர் பேசும்போது சத்தம் போட்டாலும் பரவாயில்லை. பேச்சாளர் சற்று நிறுத்திக்கொள்ளட்டும்.

இன்று பரிசு பெறும் அனைவருக்கும் என் வாழ்த்துகள்.